பரமண்டல ஜெபத்தில் அந்த ஒரு வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன்

தேரிக்காட்டுமகள் | 18 பிப்ரவரி 2024, இரவு 9.50

இன்று லெந்து காலத்தின், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தின், முதல் ஞாயிறு. கோயிலுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா வாத்தியார். அவர் கையெழுத்து அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். ஊரில் கல்யாணப் பத்திரிகை எழுத வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். 2014-இல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. மறு வருடம் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, வீட்டை அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று. பத்திரத்தின் நகலைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அப்பாவின் இடது கைப் பெருவிரல் ரேகை. அவ்வளவு அழகாக எழுதிய மனுஷன் கைநாட்டு வைத்திருக்கிறார். அந்த விரலைப் பிடித்து மையில் அழுத்தியது யார் என்ற கேள்வி அன்றைக்கு உள்ளே நுழைந்தது, இன்னும் போகவில்லை.

அண்ணனோடு பேசுவதில்லை. அம்மா அவர்களோடுதான் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை போவேன், வராந்தாவில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடுவேன். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள், வேண்டாம் என்பேன். அவள் அந்தத் தம்ளரை அப்படியே திருப்பிக் கொண்டுபோவதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அண்ணன் சபைக் கமிட்டியில் இருக்கிறார். காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருவது அவர்தான். என் முன்னால் பை வரும்போது குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்வேன். பிறகு வாசலில் இருக்கும் உண்டியலில் போட்டுவிட்டு வருவேன். வருடக்கணக்காக இப்படித்தான். இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வரும்போது மற்றவர்கள் சொல்வார்கள், நான் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான். இன்று பக்கத்தில் நின்ற என் மகள் கேட்டுவிட்டாள், "ஏம்மா அந்த இடத்துல மட்டும் நிப்பாட்டுற?" அவளுக்கு 11 வயது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. கேஸ் போடும் காலமும் தாண்டிவிட்டது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

---

ஜெபவீரன் | 18 பிப்ரவரி, இரவு 10.15

சிஸ்டர், "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." எபேசியர் 4:26. எல்லாவற்றையும் கர்த்தருடைய பாதத்தில் வைத்துவிடுங்கள். மன்னித்துவிட்டேன் என்று வாயினால் அறிக்கை செய்யுங்கள், விடுதலை உண்டாகும்.

---

தேரிக்காட்டுமகள் | 18 பிப்ரவரி, இரவு 10.32

பிரதர், அந்த வசனம் எனக்கு மனப்பாடம். ஒன்பது வருடத்தில் மூவாயிரம் தடவைக்கு மேல் சூரியன் அஸ்தமித்துவிட்டது. அறிக்கையும் செய்து பார்த்தேன், உபவாசமும் இருந்தேன். அவர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வயிறு எரிகிறது.

---

தனிவீடு | 19 பிப்ரவரி, காலை 6.20

அக்கா, எந்த நல்ல வார்த்தையும் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை யாராவது "மன்னித்துவிடு" என்று அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பார். ஆறு வருடம் அடி வாங்கினேன். சபையில் போய் அழுதபோது எனக்குக் கிடைத்த பதில், "பொறுத்துப் போம்மா, ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் ஆண்டவர்." கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு போன அன்றும் அதே வார்த்தைதான். அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்கு வேதத்தின்மேல் வெறுப்பு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தனி வீடு எடுத்த பிறகுதான் மூச்சே விட்டேன்.

அவரை நான் மன்னித்தேன். அது நடந்தது நாலு வருடம் கழித்து, அவர் கை எட்டாத இடத்தில் இருந்துகொண்டு. திரும்பிப் போகவில்லை, போகவும் மாட்டேன். அடிக்கிற கைக்குக் கீழே இருந்துகொண்டு மன்னிப்பது என்றால் என்னவென்றே எனக்குப் புரியவில்லை. அது பயம்தான், மன்னிப்பு இல்லை.

---

பழையஊழியன் | 19 பிப்ரவரி, மதியம் 2.05

தனிவீடு என்று எழுதிய மகளே, நான் ஓய்வுபெற்ற குருவானவன். உன் பதிவைக் காலையில் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் ஓடவில்லை. நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு இதே ஆலோசனையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். "ஜெபித்துக்கொண்டு வீட்டுக்குப் போம்மா" என்றேன். அந்தப் பெண் திரும்பி நடந்துபோன விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் சொன்னது தவறு. உனக்குச் சொன்னவர்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் நான் சொன்னதற்காக வருந்துகிறேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏழெழுபது என்று இயேசு சொன்னது மத்தேயு 18-இல். அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் அவனிடம் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. குற்றத்தை மூடி மறைக்க அங்கே இடமே இல்லை. நாங்கள் பிரசங்கம் பண்ணும்போது 15-ஆம் வசனத்தை விட்டுவிட்டு 22-க்குத் தாவிவிடுகிறோம்.

தேரிக்காட்டு மகளே, நீ "கடன்" என்ற வரியில் நிற்கிறாய். நான் சொன்ன அதே 18-ஆம் அதிகாரத்தில் கடைசியில் ஒரு கதை வருகிறது. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். பல காலம் நான் இதைப் பிரசங்கிக்கும்போது, நூறு வெள்ளிப்பணம் அற்பக் காசு என்று சொல்லிவந்தேன். அது அற்பம் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு என்றால் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்த கூலி. இன்றைக்கும் மூன்று மாதச் சம்பளத்தை ஒருவன் ஏமாற்றினால் வலிக்காதா? உனக்கு நடந்தது சின்ன விஷயம் என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், அப்படியானால் பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. எந்த மனுஷனும் ஆயுசுக்கும் அடைக்க முடியாத தொகை. அதைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் ராஜா பேசுகிறார்.

ஆகவே உன் கடன் நிஜக் கடன். முதலில் அதை நிஜம் என்று ஒத்துக்கொள். எவ்வளவு என்றே எழுதாத கடனை எப்படித் தள்ளுபடி செய்ய முடியும்?

---

கருப்பட்டிச்சில்லு | 19 பிப்ரவரி, மாலை 5.40

கேட்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். கிறிஸ்தவர்களான நமக்கெல்லாம் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தானே? அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு இல்லையா?

---

தேரிக்காட்டுமகள் | 19 பிப்ரவரி, இரவு 8.10

உண்டு, அப்பா எதுவும் எழுதி வைக்காமல் இறந்திருந்தால். உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட்டால் கேட்க வழியில்லை. ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கினார்கள் என்று நிரூபித்திருக்க வேண்டும். அப்போது நான் அழுதுகொண்டிருந்தேன், கேஸ் போடவில்லை.

ஐயா, நீங்கள் எழுதியதை நாலைந்து முறை படித்தேன். இன்று சாயங்காலம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். வீட்டின் மதிப்பு எழுதினேன், அது சும்மா ஒரு நம்பர். அதற்குக் கீழே "அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டுக் குலுங்கி அழுதேன். ஒன்பது வருடமாக அண்ணன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கோபம் செத்துப்போன அப்பாவின்மேல் இருந்திருக்கிறது. அவர்மேல் கோபப்பட மனசு வராததால் எல்லாவற்றையும் ஒரே ஆளின்மேல் போட்டுவிட்டேனோ என்னவோ.

---

காவேரிக்கரை | 20 பிப்ரவரி, காலை 11.00

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து சொல்லிவரும் ஜெபத்தில் உங்கள் "கடன்" இல்லை. "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்றுதான் வரும். பொறுப்பது என்றால் சுமப்பது என்றும் அர்த்தம் இருக்கிறதல்லவா? மன்னிக்கிறவருக்கு அது பாரமாகத்தான் இருக்கும். பாரம் தெரிகிறது என்பதால் நீங்கள் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடாது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

---

மட்டுநகரான் | 21 பிப்ரவரி, இரவு 11.30

நான் மட்டக்களப்பு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் அன்று வெடித்தவை எல்லாம் சேர்த்து 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த ஏப்ரலோடு ஐந்து வருடம்.

என் சொந்தத்தில் யாரும் சாகவில்லை. தெரிந்த பிள்ளைகள் செத்தார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு எனக்குள்ளே நடந்தது. இருபது வருடமாக நான் துணி எடுக்கிற கடை ஒரு முஸ்லிம் ஆளுடையது. என் கல்யாண வேட்டிகூட அங்கே எடுத்ததுதான். குண்டு வெடித்த பிறகு அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெடித்தவன் செத்துப்போனான், அவனைக் கோபிக்க முடியாது. கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, தெரிந்த முகத்தைப் பிடித்துக்கொண்டேன். எபிரெயர் 12:15-இல் "யாதொரு கசப்பான வேர்" என்று எழுதிவிட்டு, அதனால் "அநேகர் தீட்டுப்படாதபடிக்கும்" என்று வருகிறது. அந்த அநேகர் என்ற சொல்லை நான் அதுவரை கவனித்ததில்லை. என் பிள்ளைகளும் அந்தக் கடையை மாற்றுக் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு போனேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளிருந்து பார்த்துவிட்டு, "கன நாளாக் காணல்லையே, சுகமா இருக்கிறீங்களா?" என்றார். ஒரு சாரம், நீங்கள் சொல்கிற லுங்கி, வாங்கினேன். தேவையில்லை, ஆனாலும் வாங்கினேன். கதைத்துக்கொண்டே அளந்து வெட்டினார். என் கண்ணைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இரண்டாம் முறை போனபோது பார்த்தோம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2020 உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்தோம் என்றார். அதே மனிதர்தான் உண்மை வெளிவர வேண்டும் என்று இன்றைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. மன்னித்தவர்கள் நீதி கேட்பதை நிறுத்த வேண்டும் என்று யாரும் எங்களிடம் சொல்லாதீர்கள்.

---

தனிவீடு | 22 பிப்ரவரி, காலை 6.05

அண்ணே, இதைத்தான் நான் சொல்ல முயன்றேன். நன்றி.

---

கருப்பட்டிச்சில்லு | 22 பிப்ரவரி, மாலை 6.15

கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மாவும் அப்படித்தான். ஒடிசாவில் 1999 ஜனவரி 22 இரவு, மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரகாமையும், மகன்கள் 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் உயிரோடு எரித்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரகாம் 1965-இலிருந்து பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்தவர். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார் அந்த அம்மா. மன்னிப்பையும் குற்றத்துக்கான தண்டனையையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். வழக்கு அது பாட்டுக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது, மன்னிக்கிறேன் என்று சொன்னதைவிட அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான். மகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியிருக்கலாம். 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். ஐந்து வருடம். தினமும் காலையில் எழுந்து அதே ஊரில் அதே வேலை. பொங்கி வரும் உணர்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வருடம் தள்ள முடியாது.

---

தேரிக்காட்டுமகள் | 3 மார்ச், இரவு 9.15

இன்று திருவிருந்து ஞாயிறு. நான் பந்திக்குப் போகவில்லை. மத்தேயு 5:23 மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது, "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்." இத்தனை நாளும் எனக்கு அவர்மேல் குறை என்றுதான் வாசித்திருக்கிறேன். வசனம் சொல்வது அது இல்லை. அவருக்கு என்மேல் குறை. அண்ணன் மகள் கோயிலில் திடப்படுத்தல் சடங்கு எடுத்தபோது நான் போகவில்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அவளுக்கு என் கையால் சடை பின்னி வளர்த்திருக்கிறேன்.

இதை எழுதும்போதே, அப்படியானால் பத்திரம் வாங்கியது சரியாகிவிடுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. ஆகாது. இரண்டும் இருக்கிறது.

---

பழையஊழியன் | 4 மார்ச், காலை 10.20

இரண்டும் இருக்கட்டும் மகளே. யோசேப்பை எடுத்துக்கொள். குழியில் போட்டு விற்ற அண்ணன்மார் எகிப்துக்கு வந்து முன்னால் நிற்கிறார்கள். உடனே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தானா? இல்லை. கடினமாகப் பேசினான், காவலில் வைத்தான், தம்பியைக் கூட்டிவரச் சொன்னான். அவர்களை விட்டு அப்புறம் போய் அழுதான். பிறகு அறைக்குள்ளே போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு பரிமாறச் சொன்னான். ஆதியாகமம் 42-லிருந்து 45 வரை அவன் அழுவதைத்தான் பார்க்கிறோம். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற வார்த்தை 50-ஆம் அதிகாரத்தில் வருகிறது, தகப்பன் செத்து அடக்கம் பண்ணின பிறகு. அதிலும் தீமையைத் தீமை என்றுதான் சொல்கிறான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான் என்ற அந்த ஒரு வரிக்காக நான் யோசேப்பை நேசிக்கிறேன்.

---

காவேரிக்கரை | 4 மார்ச், இரவு 8.45

கொரி டென் பூம் ஞாபகத்துக்கு வருகிறார். நெதர்லாந்தில் கடிகாரக் கடை வைத்திருந்த குடும்பம், யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக 1944-இல் பிடிபட்டார்கள். அப்பா சிறையில் பத்து நாளில் இறந்தார். கொரியோடு அடைக்கப்பட்டிருந்த அக்கா பெட்சி ராவென்ஸ்புரூக் நாஜி முகாமில் இறந்தார். 1947-இல் மியூனிக்கில் ஒரு கோயிலில் மன்னிப்பைப் பற்றி இவர் பேசி முடித்ததும், அந்த முகாமில் காவலாளியாக இருந்தவனே வந்து கையை நீட்டினான். கொரிக்குக் கை எழவில்லை. உள்ளே ஒரு துளி அன்பும் இல்லை. கையை நீட்ட மட்டும் என்னால் முடியும், மிச்சத்தை நீர் தாரும் என்று ஜெபித்துவிட்டுத்தான் கையைக் கொடுத்தார். அன்பு அதற்குப் பிறகு வந்தது.

---

தேரிக்காட்டுமகள் | 17 மார்ச், மதியம் 1.30

பை வந்தது. போட்டேன்.

காலையிலேயே முடிவு பண்ணிவிட்டுத்தான் போனேன். பத்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன், வியர்த்து ஈரமாகிவிட்டது. காணிக்கைப் பாட்டில் மூன்றாவது சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து நின்றார். வழக்கமாக என் வரிசையில் பையை வேகமாக நகர்த்திவிடுவார், அவருக்கும் பழகிவிட்டது. நான் கையை நீட்டியதும் அப்படியே நின்றுவிட்டார். என் கை நடுங்கி, காசு பைக்கு வெளியே விழுந்து தரையில் உருண்டது. குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து அவரே பையில் போட்டார். அவர் உச்சந்தலையில் முடி கொட்டியிருக்கிறது. அப்பாவுக்கும் அதே இடத்தில்தான் கொட்டியது. எனக்கு அது தெரியாது. ஒன்பது வருடமாக அவரை நேராகப் பார்த்ததே இல்லையே.

ஒன்றும் பேசவில்லை. அன்பு வந்ததா என்று கேட்டால், இல்லை. வயிற்றில் எரிச்சல் இருந்தது. ஆனால் வெளியே வந்தபோது உண்டியல் பக்கம் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

---

தனிவீடு | 17 மார்ச், மதியம் 1.52

அழுதுகொண்டே படித்தேன் அக்கா.

---

மட்டுநகரான் | 17 மார்ச், இரவு 10.05

இரண்டாம் முறை இன்னும் கஷ்டமாக இருக்கலாம், அதற்காக மனம் தளர வேண்டாம். எனக்கு மூன்றாம் முறைதான் நெஞ்சு லேசானது.

---

தேரிக்காட்டுமகள் | 31 மார்ச், இரவு 9.40

அண்ணே, நீங்கள் சொன்னது சரிதான். 24-ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு அன்று பையைப் பார்த்ததும் பழைய கோபம் அப்படியே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

இன்று உயிர்த்தெழுதல் பண்டிகை. விடியற்காலை 4 மணி ஆராதனை முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு நேராக அம்மாவிடம் போனேன். வராந்தாவில் உட்காரவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, மனையை எடுத்துப் போட்டாள். போகிற வழியில் அப்பாவின் எழுத்துமேசை இருந்தது, அதன்மேல் அவர்கள் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் சுருக்கென்றது. ஆராதனையில் அந்த வரியை இன்று சொன்னேன், மகளுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது. சொல்லிவிட்டு வந்த அதே காலையில் ஒரு இஸ்திரிப் பெட்டிக்காகக் கோபப்பட்டேன். அதையும் ஆண்டவரிடம் சொன்னேன், அங்கேயே நின்று.

அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது பைக் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. அவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்பது மாதிரி, "இவ மக இந்த வருஷம் எத்தனாங்கிளாஸ்?" என்றார். "ஆறாங்கிளாஸ் அண்ணே" என்று நான் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பத்திரத்தைப் பற்றி ஒரு நாள் அவரிடம் கேட்கத்தான் போகிறேன். ஐயா சொன்னபடி தனியாக உட்கார்ந்து, அப்பாவின் விரலைப் பிடித்தது யார் என்று கேட்பேன். இன்று கேட்கவில்லை. அம்மா தம்ளரை நீட்டினாள், வாங்கிக் குடித்தேன். சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.